மழை பெய்தால் மட்டும் விழுந்த ஆர்சிசிபி: கடலூர் மொட்டைமாடி ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆர்சிசிபி என்பது கரன்ட் எங்காவது கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் கருவி, அது தானாக ஆஃப் ஆவதைத்தான் விழுவது என்கிறோம். வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் போகும் வழியில். கடற்காற்று நேராக வந்து அடிக்கிற இடம். ஜன்னல் கம்பி, கேட் கீல் எல்லாம் வருடா வருடம் பெயின்ட் கேட்கும். கீழ்த்தளம், முதல் தளம், மேலே மொட்டைமாடியில் ஓர் அறை, அறையை ஒட்டித் தகரக் கொட்டகை. கொட்டகைக்குக் கீழே வாஷிங் மெஷின், பக்கத்திலேயே துணி காயப்போடும் கம்பி. இருப்பவர்கள் ஓய்வுபெற்ற பெரியவர், அவர் மனைவி, இளைய மகன், மருமகள், ஒரு குழந்தை. மூத்த மகன் அமெரிக்காவில். அவரும் இந்த விஷயத்துக்குள் பிறகு வருவார்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, மாடியில் அதுவரை இருந்த கீற்றுக் கொட்டகை மொத்தமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் இந்த அறையும் தகரக் கொட்டகையும். வீட்டின் மற்ற வயரிங் எல்லாம் சுவருக்குள் பைப்பில் போகிறது. மாடிக்கு மட்டும், சுவரை உடைக்க மனசில்லாமல், 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் (ஒரே மேலுறைக்குள் மூன்று தனி வயர்) ஃப்ளெக்ஸிபிள் கேபிளைப் படிக்கட்டு ஓரமாகக் கிளிப் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். அது படிக்கட்டு அறையின் வெளிச்சுவரில் ஓர் இரும்பு பாக்ஸுக்குள் போய், அங்கிருந்து அறைக்கு ஒன்று, வாஷிங் மெஷினுக்கு ஒன்று என்று பிரிகிறது. பாக்ஸ் என்றால் சுவிட்ச் போர்டுக்குச் சுவரில் பதிக்கிற சாதாரண எம்.எஸ். பாக்ஸ்தான், மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. கொட்டகை அதைப் பாதி மழைக்கு மறைக்கும், சாரல் அடித்தால் மறைக்காது.

பல வருடம் இது இப்படியே ஓடியிருக்கிறது, ஒரு புகாரும் இல்லை. காரணம் எளிது: கசிவைப் பற்றிப் புகார் சொல்ல அங்கே எந்தக் கருவியும் இல்லை. 2024 கோடையில் பழைய டிபியை (எல்லா சர்க்யூட்டும் பிரிகிற மெயின் பெட்டி) மாற்றியபோதுதான் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி போட்டார்கள்.

எங்களைக் கூப்பிடும் முன்

ஐப்பசி மழை ஆரம்பித்ததும் ஆர்சிசிபி விழ ஆரம்பித்தது. மழை பெய்தால் விழும், வெயில் வந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கினால் நிற்கும். வீட்டில் இருந்தவர்கள் சொன்ன முதல் காரணம், புதுசாகப் போட்ட சாமான் சரியில்லை என்பது. டிபி மாற்றியவரும் அதை நம்பி வேறு ஆர்சிசிபி போட்டுப் பார்த்தார். அதுவும் விழுந்தது. அடுத்து வந்த ஒருவர் நல்ல வெயில் நாளில் வந்து, மெகர் (இன்சுலேஷன் தாங்குகிறதா என்று ஓமில் அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்து, லைன் நன்றாக இருக்கிறது, ஈரப்பதம்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், ஏன் என்று கீழே வரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அந்தப் பக்கம் முழுக்கக் கரன்ட் இல்லை. கரன்ட் திரும்பி வந்தபோது இவர்கள் வீட்டு ஆர்சிசிபி மட்டும் ஏறவே இல்லை, மாடியெல்லாம் ஊறிப்போயிருந்தது. குழந்தை, இருட்டு, கொசு, ஃபிரிட்ஜில் சாமான். யாரோ ஒருவர் வந்து, மெயினிலிருந்து வரும் வயரைக் கழற்றி ஆர்சிசிபியைத் தாண்டி நேராக எம்சிபிகளின் (கரன்ட் அளவு மிஞ்சினால் மட்டும் விழும் சுவிட்சுகள்) பஸ்பாரில் கொடுத்துவிட்டார். ஆர்சிசிபி அதே இடத்தில், பார்க்க ஜம்மென்று, எந்த வயரும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. லைட் எரிந்தது, எல்லோருக்கும் நிம்மதி.

அடுத்த வாரம் மருமகள் ஈரத் துணியைக் கம்பியில் போடும்போது கையில் சுர்ரென்று இழுத்தது. மாமியார் முதலில் நம்பவில்லை, தானே தொட்டுப் பார்த்தார், அவருக்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் அவர் காலில் ரப்பர் செருப்பு. மருமகள் வெறுங்காலில், தண்ணீர் சொட்டிய தரையில் நின்றிருந்தார். அன்று மாலை பெரியவர் எங்களைக் கூப்பிட்டார்.

என்ன பார்த்தோம்

முதலில் யாரையும் மாடிக்கு விடாமல் செய்தோம். அப்புறம் அந்தக் கம்பியில் மல்டிமீட்டர் வைத்தால், எர்த்துக்கு 220 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மீட்டர் காட்டுவதை மட்டும் நம்பக்கூடாது, பக்கத்தில் ஓடும் வயரிலிருந்து வெறும் தூண்டல் வோல்டேஜ் கூட அப்படிக் காட்டும். அதனால் 15 வாட் ஜீரோ பல்பு ஒன்றைக் கம்பிக்கும் டிபியின் எர்த்துக்கும் நடுவே கொடுத்துப் பார்த்தோம். முழு வெளிச்சத்தில் எரிந்தது. ஆக, ஃபேஸ் எங்கேயோ உலோகத்தை நேராகத் தொடுகிறது. மாடி சர்க்யூட்டை அணைத்து, எம்சிபியிலிருந்து வயரையே கழற்றிவிட்டோம்.

கம்பியின் ஒரு முனை கொட்டகையின் இரும்புத் தூணில் கட்டியிருந்தது. இன்னொரு முனைக்கு ஆணி அடிக்கச் சோம்பல் போல, ஜங்ஷன் பாக்ஸைச் சுவரில் பிடித்திருந்த பட்டை கிளாம்பிலேயே சுற்றி முறுக்கியிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே என்னோடு வந்த பையன், "அண்ணே, பாக்ஸைத் திறந்தா போதும், வேற எங்கேயும் போக வேணாம்" என்றான். ஆனாலும் திறப்பதற்கு முன்னால் அளந்துவிடுவோம் என்று சொன்னேன். திறந்தால் வயர் நகரும், நகர்ந்தால் ஃபால்ட் மறைந்துவிடலாம்.

வாஷிங் மெஷின் பிளக்கைப் பிடுங்கி, அறையின் ஃபேன், லைட் எல்லாம் கழற்றி, 500 வோல்ட் மெகரில் பார்த்தோம். ஃபேஸுக்கும் சர்க்யூட்டின் பச்சை வயருக்கும் நடுவே 6 மெகாஓம் சுமாருக்கு வந்தது. 500 வோல்ட்டில் 1 மெகாஓம் குறைந்தபட்சம் என்பதுதான் இந்திய வயரிங் தரநிலையான ஐ.எஸ். 732 சொல்லும் கணக்கு, அப்படிப் பார்த்தால் இந்த லைன் பாஸ். முன்னால் வந்தவர் பார்த்ததும் இந்த மாதிரி எண்ணைத்தான். பிறகு அதே மெகரை ஃபேஸுக்கும் பாக்ஸின் இரும்புக்கும் வைத்தோம். சுத்தமாக ஜீரோ.

அடுத்ததாகக் கொட்டகைத் தூணின் அடியில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு மறுபடியும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அளந்தோம். 6 மெகாஓம் இருந்தது 0.01 மெகாஓமுக்கு வந்து நின்றது, அதாவது 10,000 ஓம். 230 வோல்ட்டை இதால் வகுத்தால் 23 மில்லிஆம்ப். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி 15க்கும் 30க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் விழலாம், அதுதான் அதன் தரநிலை. ஆக, இவ்வளவு நாளாக அந்த ஆர்சிசிபி தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

பாக்ஸுக்குள்ளும் பாக்ஸுக்கு வெளியேயும்

மூடியைக் கழற்றினோம். முக்கியமான காட்சி உள்ளே இல்லை, வாசலிலேயே இருந்தது. பாக்ஸின் மேல்பக்கத்து நாக்-அவுட் ஓட்டை (கேபிள் நுழையத் தட்டித் திறக்கிற ஓட்டை) 20 மி.மீ. அதில் இரண்டு கேபிள் நுழைய வேண்டும், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 10, 11 மி.மீ. தடிமன். நுழையாது. நுழையாததால், அன்றைக்கு வேலை பார்த்தவர் இரண்டு கேபிளின் கறுப்பு மேலுறையையும் பாக்ஸுக்கு மூன்று அங்குலம் முன்னாலேயே உரித்துவிட்டு, ஆறு கோர்களையும் தனித்தனியாக ஓட்டைக்குள் தள்ளியிருக்கிறார். ஓட்டையின் விளிம்பை மூடும் ரப்பர் புஷ் கிடையாது, கேபிளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் கிடையாது. வெளியே தெரிந்த சிவப்பு வயர் வெயிலில் வெளுத்து, ரோஸ் நிறத்துக்கு வந்து, விரலால் மடக்கினால் மொறுமொறுவென்று வெடித்தது. அதே வயர் பாக்ஸுக்குள்ளே பளிச்சென்று சிவப்பாக, ரப்பர் போல வளைந்தது.

தகட்டின் விளிம்பு பட்ட இடத்தில் ஒரு சிவப்புக் கோரின் இன்சுலேஷன் அரை வட்டமாக அறுந்து, செம்பு இழைகள் துருப்பிடித்த இரும்பில் உட்கார்ந்திருந்தன. செம்பில் பச்சைக் களிம்பு. கோர் இன்சுலேஷன் என்பது ஒரு மில்லிமீட்டர் கூடக் கிடையாது. காற்றில் கம்பி ஆடும்போதெல்லாம் பாக்ஸும் ஆடும், தகடு கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும்.

உள்ளே மூன்று பச்சை வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், நல்லது, ஆனால் அதிலிருந்து பாக்ஸின் இரும்புக்கு ஒரு துண்டு வயர் கூட இல்லை. இந்த ஒரு துண்டு வயர் இருந்திருந்தால் செம்பு தகட்டைத் தொட்ட அன்றைக்கே, ஆர்சிசிபி இல்லாத காலமாக இருந்தாலும், எம்சிபி விழுந்திருக்கும் அல்லது குறைந்தபட்சம் தீப்பொறி பறந்து யாராவது பார்த்திருப்பார்கள். அது இல்லாததால் பாக்ஸ், கிளாம்ப், கம்பி, கொட்டகைத் தூண், தகரம் எல்லாம் சேர்ந்து ஃபேஸாகிக் காத்திருந்தன. தரை காய்ந்திருந்தால் கரன்ட் போக வழியில்லை. நனைந்தால் தூண் வழியாகக் கொஞ்சம் போகும். ஆள் ஈரத்தில் வெறுங்காலோடு நின்று தொட்டால் ஆள் வழியாகப் போகும்.

இதைப் பெரியவரிடம் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, அப்போ அந்த டப்பா தப்பில்லாம விழுந்துச்சு, நாமதான் அதோட வாயைக் கட்டிட்டோம், இல்ல?" ஆமாம் என்றேன், வேறென்ன சொல்வது.

விதி என்ன சொல்கிறது

மூத்த மகன் அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க மேலுறை கால் இன்ச்சாவது பாக்ஸுக்குள்ள தெரியணும்னு இன்ஸ்பெக்டர் சொல்வார், நம்ம ஊர்ல எவ்வளவு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அவர் சொன்னது அமெரிக்காவின் நேஷனல் எலக்ட்ரிகல் கோடில், 314.17 என்ற பிரிவில் இருக்கிறது. உலோகமல்லாத மேலுறை கொண்ட கேபிளின் உறை குறைந்தது கால் அங்குலம், அதாவது 6 மி.மீ., பாக்ஸுக்குள் வர வேண்டும், கிளாம்ப் இருந்தால் கிளாம்பையும் தாண்டி. இன்னொரு பிரிவு, 300.14, உறையை விட்டு வெளியே வந்த இடத்திலிருந்து வயர் குறைந்தது 6 அங்குலமாவது இணைப்புக்குத் தாராளமாக இருக்க வேண்டும் என்கிறது. பிரிட்டனில் பி.எஸ். 7671, 526.8 விதி: மேலுறை உரித்த கோர்கள் மூடிய ஒன்றுக்குள்தான் இருக்க வேண்டும். அங்கே மி.மீ. கணக்கு இல்லை, ஆனால் அர்த்தம் அதேதான்.

நம் பக்கம் ஐ.எஸ். 732. அதன் 2019 பதிப்பு சர்வதேசத் தரநிலையான ஐ.இ.சி. 60364 வரிசையை ஒட்டி எழுதப்பட்டது. அதன் அடிப்படை, மேலுறை இல்லாத வயர் பைப், டிரங்கிங் மாதிரி ஏதாவது ஒன்றுக்குள் போக வேண்டும், இணைப்புகள் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: இந்தியாவுக்கும் நேஷனல் எலக்ட்ரிகல் கோட் என்ற பெயரிலேயே தனியாக ஒரு தொகுப்பு இருக்கிறது, 1985இல் வந்து 2011, 2023 என்று திருத்தப்பட்டது. பேர் ஒன்று என்பதால் பலர் அமெரிக்கப் புத்தகத்தை இறக்கி வைத்துக்கொண்டு அதுதான் நம் விதி என்று வாதாடுகிறார்கள். அது இங்கே செல்லாது, அங்கே வீட்டு சாக்கெட் 120 வோல்ட், பாக்ஸ் வேறு, கேபிள் வேறு. ஆனால் அந்த 6 மி.மீ. நல்ல எண், எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. நாங்கள் வேலையில் 10 முதல் 15 மி.மீ. வரை விடுகிறோம். அதற்கு மேல் விட்டால் சின்ன பாக்ஸில் கேபிள் வளையாது, இடம் அடைக்கும்.

மேலுறை உள்ளே வருவது வெறும் அழகுக்கு இல்லை. கிளாண்டின் ரப்பர் உருண்டையான ஒன்றைச் சுற்றித்தான் இறுகும். மூன்று தனிக் கோர்களைப் பிடித்தால் இடையில் சந்து இருக்கும், தண்ணீர் அதன் வழியே இறங்கும். கேபிளை யாராவது இழுத்தால் கிளாண்ட் உறையைப் பிடித்து நிறுத்தும். உறை இல்லையென்றால் இழுப்பு நேராக இணைப்புக்குப் போகும். வெயில் விஷயம் மேலே பார்த்ததுதான்.

எடுத்த முடிவுகள்

ஆர்சிசிபியை முதலில் பழையபடி சர்க்யூட்டில் சேர்த்தோம். மாடி லைன் மட்டும் கழற்றியே இருக்கட்டும், வேலை முடியும் வரை வாஷிங் மெஷின் வேண்டாம் என்றோம். மருமகளுக்குக் கோபம், மழைக்காலத்தில் கைத்துவைப்பு என்றால் யாருக்குத்தான் வராது. ஆனால் கம்பியைத் தொட்டது அவர்தான், அதனால் வாதாடவில்லை.

பாக்ஸ் பற்றி இரண்டு யோசனை இருந்தது. அதே இரும்பு பாக்ஸில் இன்னொரு ஓட்டை போட்டு, புஷ் வைத்து, எர்த் கொடுத்துவிட்டால் விதிப்படி சரிதான், செலவும் குறைவு. பெரியவருக்கு அதுதான் பிடித்தது. ஆனால் பின்பக்கத் தகடு ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகும் அளவுக்குத் துருப்பிடித்திருந்தது, எர்த் ஸ்க்ரூ எதில் பிடிக்கும்? தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 பாலிகார்பனேட் பாக்ஸ் போடலாம் என்று முடிவானது. மூன்று கேபிளுக்கும் தனித்தனி கிளாண்ட், பி.ஜி. 13.5 அளவு. எல்லாமே கீழ்ப்பக்கமாக நுழைகிற மாதிரி, அதுவும் கேபிள் ஒரு வளைவு கீழே இறங்கி மேலே ஏறும்படி, தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

சிக்கல் கேபிள் நீளத்தில் வந்தது. வெளுத்துப்போன பகுதியை வெட்டினால் கீழிருந்து வரும் கேபிள் பாக்ஸை எட்டாது. டேப் சுற்றிச் சமாளிக்கலாம் என்று இளைய மகன் சொன்னார். டேப் வெயிலில் பசை உருகி அவிழும், அது உறைக்கு மாற்று இல்லை. முழு கேபிளையும் மாற்றினால் படிக்கட்டு முழுக்கக் கிளிப் வேலை. கடைசியில் பாக்ஸையே ஓர் அடி கீழே, கொட்டகைக்குள் நன்றாக மறையும் இடத்துக்கு நகர்த்தினோம். இதில் இன்னொரு லாபம், சாரல் அங்கே அடிப்பதில்லை.

உரிக்கும்போது பையனை நிறுத்தி ஒன்று காட்ட வேண்டியிருந்தது. கேபிளை நேராக வைத்து பிளேடால் சுற்றி அழுத்தி வெட்டுவது வழக்கம், அதில் பாதி நேரம் கோரிலும் கீறல் விழும், கண்ணுக்குத் தெரியாது. கேபிளை விரலில் மடக்கிப் பிடித்து, வெளி வளைவில் லேசாகக் கீறினால் போதும், இழுப்பில் உறை தானாக வாய் திறக்கும். சுற்றி நாலு இடத்தில் அப்படிச் செய்து இழுத்தால் உறை கழன்று வரும், பிளேடு கோரைத் தொடவே தொடாது.

முறுக்கு ஜாயிண்ட் எல்லாம் எடுத்துவிட்டு லீவர் கனெக்டர் போட்டோம். துணிக் கம்பியைக் கழற்றி நைலான் கயிறு, அதற்குச் சுவரில் தனிக் கொக்கி. சாமானும் கூலியும் சேர்த்து ₹3,000க்குள் முடிந்தது. அதற்கு முன் மாற்றிய ஆர்சிசிபிக்கே கிட்டத்தட்ட அவ்வளவு கொடுத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு

முடித்ததும் மெகர் ஃபேஸ்-எர்த் 200 மெகாஓமுக்கு மேல் காட்டியது. தூண் அடியிலும் பாக்ஸ் மேலேயும் தண்ணீர் ஊற்றி மறுபடி பார்த்தோம், எண் அசையவில்லை. ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பார்த்து, மாதம் ஒருமுறை அழுத்தச் சொல்லி மருமகளிடம் காட்டினோம். "இதை அழுத்தினா எல்லாம் ஆஃப் ஆகிடும், பரவாயில்லையாண்ணா?" என்றார். ஆகாவிட்டால்தான் எங்களைக் கூப்பிட வேண்டும் என்றேன்.

மார்கழி மழையில் ஆர்சிசிபி விழவில்லை. 2025 வடகிழக்குப் பருவமழையிலும் மாடி லைனால் விழவில்லை என்று பெரியவர் போனில் சொன்னார்.

அடுத்த தடவை வேறு மாதிரி செய்வது

மழையில் மட்டும் விழுகிறது என்று யாராவது சொன்னால் காய்ந்த அளவை இனி குறித்துக்கூட வைப்பதில்லை, நனைத்துத்தான் அளப்பது. அளக்கும்போது மெகரின் ஒரு முனையைப் பச்சை வயரில் மட்டும் வைக்காமல், அந்த சர்க்யூட் தொடுகிற ஒவ்வொரு இரும்பிலும் வைத்துப் பார்ப்பது. எர்த் இல்லாத இரும்பை எர்த் வயர் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

பழைய வீட்டில் புதிதாக ஆர்சிசிபி போடுகிறவர்கள், போடும் முன் ஒவ்வொரு சர்க்யூட்டையும் மெகரில் பார்த்து, விழுந்தால் என்ன அர்த்தம் என்று வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். இங்கே அது நடந்திருந்தால் புயல் ராத்திரி யாரும் நேர் கனெக்ஷன் கேட்டிருக்கமாட்டார்கள். இப்போது நாங்கள் டிபி மூடியின் உள்பக்கம் தமிழில் ஒட்டிவிடுகிறோம்: ஏறவில்லை என்றால் எல்லா எம்சிபியையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாக ஏற்றவும், எது ஏறும்போது விழுகிறதோ அதை மட்டும் இறக்கி விடவும். அப்படிச் செய்தால் பெரும்பாலும் மற்ற அறைகளில் லைட் எரியும், நியூட்ரலில் கோளாறு என்றால் மட்டும் இது உதவாது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மாடி அறையின் சுவிட்ச் பாக்ஸைத் திறந்தபோது, சுவருக்குள் வரும் பைப் பாக்ஸுக்குள் வராமல் ஓர் அங்குலம் முன்னாலேயே நின்றிருந்தது, இடையில் வயர்கள் வெறும் சிமென்ட் காரையில் உரசிக்கொண்டு போகின்றன. அங்கே உறைக்குப் பதில் பைப், தவறு அதேதான். அதைச் சரிசெய்தோம். அதே ஆள் அதே சமயத்தில் செய்த முதல் தளத்து இரண்டு பாக்ஸும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் பெரியவர் பூச்சு கெடும் என்று திறக்க விடவில்லை, அடுத்து வெள்ளையடிக்கும்போது பார்க்கலாம் என்றார். அந்த இரண்டு பாக்ஸையும் எழுதி டிபி மூடியிலேயே ஒட்டிவிட்டு வந்தோம், வெள்ளையடிக்கிறவர் பார்க்கட்டும் என்று.